பதின்மூன்று மைக்ரான்

அதிதி துப்பாக்கிப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய நீளமான ஒன்றையும் வைத்தாள். துணியைப் பிரிப்பதற்கு முன்பே உள்ளே இருப்பது என்னவென்று ஜாய்ஸுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் சுட்டுச் சுட்டு ஆயுள் முடிந்த அந்தப் பேரலை, துப்பாக்கியின் குழாயை, கழற்றி, இதே துணியில் சுற்றி, இந்தப் பெண்ணின் அண்ணனிடம் கொடுத்தவள் அவள்தான்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய தெருவில் ஜாய்ஸின் பட்டறை. கூடுவாஞ்சேரியில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் டூல்ரூமில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் வாங்கி வந்து உட்கார்ந்தவள். அவளிடம் வருகிறவர்கள் எல்லோரும் போட்டியில் சுடுகிறவர்கள். ஐம்பது மீட்டர் தூரத்தில் சட்டைப் பொத்தான் அளவுள்ள வட்டத்துக்குள் அறுபது தோட்டாக்களையும் போட வேண்டும் என்று ராத்திரி தூக்கம் கெடுகிறவர்கள். அவர்களுக்கு உலகத்தில் எல்லாமே மைக்ரான் கணக்குதான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

"செலக்ஷன் ட்ரயல்ஸுக்குப் பத்தொம்பது நாள்தான் இருக்கு மேடம்," என்றாள் அதிதி. இருபத்துநாலு வயது, சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. அண்ணன் இறந்தபின் அவனுடைய ரைஃபிளைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கவே ஏழு மாதம் அலைந்தவள். "புது பேரல் போன வாரம்தான் கஸ்டம்ஸ்லேருந்து வந்துது. சேம்பர் நீங்கதான் போட்டுக் குடுக்கணும். அளவு அண்ணாவோட மொதல் பேரல் அளவு. கம்பெனிலேருந்து வந்துதே, இது." துணியைத் தொட்டாள். "உங்க கார்டுல இருக்குமே?"

"இருக்கும். இப்ப மாட்டியிருக்கறது, நான் போட்ட பேரல்தானே? அது என்ன பண்ணுது?"

வெளியே சென்னைக் கடற்கரைக்குப் போகும் மின்ரயில் கடந்தது. மேசை மேலிருந்த மைக்ரோமீட்டர் பெட்டிக்குள்ளேயே லேசாக நடுங்கி நின்றது.

"பத்துக்கு ஒண்ணு ஓடறது. ஒரு மணிப் பக்கம்."

ஜாய்ஸ் துணியின் முடிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அந்த ஆறு வார்த்தையும் அப்படியே அவள் அண்ணன் ஹரிசங்கர் சொன்னவை. டார்கெட் பேப்பரைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால், ஒன்பது குண்டு நடுவில் ஒரே ஓட்டையாக விழும். பத்தாவது மட்டும் கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் திசையில், தனியே, யாரோ கோபித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாற்போல் இருக்கும். நான்கு தடவை அந்தப் பேப்பர்களை எடுத்துக்கொண்டு அவன் வந்தான். அவள் ஸ்க்ரூக்களைப் பார்த்தாள், பேரலின் வாயைப் பார்த்தாள், வேறு பெட்டித் தோட்டா போடச் சொன்னாள். நான்காவது தடவை, "பேரல்ல ஒண்ணும் இல்ல சார். உங்க கையப் பாருங்க," என்று சொன்னாள். அவன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படித்தான் அப்பாவும் சொல்றார்," என்று சிரித்தான். அதற்குப் பிறகு வரவில்லை.

போன வருடம் ஆகஸ்டில், அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் கையைக் காட்டிவிட்டு மாமல்லபுரம் திரும்பும்போது, முட்டுக்காடு பாலத்துக்கு இந்தப் பக்கம், மழையில் பைக் சறுக்கிப் போய்விட்டான். சட்டைப்பையில் டாக்டரின் சீட்டு நனையாமல் இருந்ததாம். நடுக்கம் எதுவும் இல்லை, நரம்பில் குறை எதுவும் இல்லை என்று எழுதியிருந்ததாம்.

"வீட்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டுவைத்தாள் ஜாய்ஸ். ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டாள்.

"அப்பா பேசறதே இல்ல. அம்மா..." அதிதி சிரிக்கப் பார்த்தாள். "நான் சுட ஆரம்பிச்சு மொதல் பேப்பர ஆத்துக்குக் கொண்டுபோனேன். அம்மா அந்த ஓடின ஓட்டையப் பாத்தா. 'இது ஹரி சுட்டது'ன்னா. ஒம்பது ஒன்னுது, ஒண்ணு அவனுதுன்னா. இப்போ ஒவ்வொரு பேப்பரும் அவகிட்ட குடுக்கணும். பெருமாள் அலமாரில அடுக்கி வெச்சிருக்கா. ஓட்டையச் சுத்தி சந்தனம் வெப்பா. ஞாயித்துக்கிழம நான் ரேஞ்சுலேருந்து வரச்சே வாசல்லயே நிப்பா. 'வந்தானா'ன்னுதான் கேப்பா. 'எவ்ளோ ஸ்கோர்'னு ஒரு நாள் கேட்டது கெடையாது."

"புது பேரல் போடறது தெரியுமா?"

"அதே அளவுன்னு சொல்லியிருக்கேன். அண்ணா நன்னா சுட்ட அளவுன்னு. சரின்னுட்டா."

அதிதி போனபின் ஜாய்ஸ் கார்டை எடுத்தாள். அவள் போட்ட ஒவ்வொரு சேம்பருக்கும் ஒரு கார்டு உண்டு. ஹரிசங்கர், ஏப்ரல் 2023. பழைய பேரலின் சேம்பர் விட்டம் 5.743 மில்லிமீட்டர். அதைப் பார்த்துத்தான் சேம்பரைக் குடைய அவளிடம் இருந்த இரண்டு ரீமர்களில் பெரியதை எடுத்துப் போட்டிருந்தாள். இதையே பார்த்து மறுபடி போட்டிருந்தால் அன்று சாயங்காலமே வேலை ஆரம்பித்திருக்கலாம். ஆனால் கார்டை மட்டும் நம்பி வெட்டுவது அவளுக்குப் பழக்கமில்லை. பழைய பேரல் கையில் இருக்கும்போது இன்னொரு தரம் வார்த்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

சேம்பர் என்பது தோட்டா உட்காரும் அறை. அந்த வெற்றிடத்தை உள்ளே விரல்விட்டு அளக்க முடியாது. அதற்கென்று ஓர் உலோகக் கலவை இருக்கிறது. டீ கொதிக்கிற சூட்டுக்குள்ளேயே உருகிவிடும். பேரலைக் குழாய்போல நிறுத்தி, கீழே அடைத்து, மேலிருந்து ஊற்றினால் ஆறிச் சுருங்கி ஒரு சின்னக் கட்டையாக வெளியே வரும். வெற்றிடத்துக்கு உடம்பு வந்து மேசைமேல் கிடப்பதைப் போலிருக்கும். அதை மைக்ரோமீட்டரில் அளக்கலாம். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. ஊற்றி ஒரு மணி நேரம் ஆனதும் அளந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் கட்டை சுருங்கியிருக்கும். அதற்குப் பின்னால் பெருக்க ஆரம்பிக்கும். ஒரு நாள் போனால் அது அந்த அறையின் அளவே இல்லை.

மணி மூன்று பத்துக்கு ஊற்றினாள். நான்கு பத்துக்கு, ரயில் எதுவும் வராத நேரமாகப் பார்த்து அளந்தாள்.

5.730.

துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். 5.730. மைக்ரோமீட்டரையே சந்தேகப்பட்டு, அளவுக் கட்டையை வைத்துச் சரிபார்த்துவிட்டு மூன்றாம் முறை அளந்தாள். மாறவில்லை. கார்டைவிடப் பதின்மூன்று மைக்ரான் குறைவு. பேரல் இரண்டு வருடம் துணிக்குள் சும்மா கிடந்தது. அது சின்னதாக ஆகியிருக்க வழியில்லை.

கார்டைத் திருப்பினாள். ஊற்றிய தேதி எழுதியிருந்தது, ஏப்ரல் ஆறு. அளந்த நேரம் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை. அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறவள் இல்லை. செல்போனில் பழைய காலண்டரைத் தள்ளிக்கொண்டே போனாள். ஏப்ரல் ஆறு, வியாழன். பெரிய வியாழன்.

அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பதுகூடச் சரியில்லை. அது எங்கேயும் போயிருக்கவில்லை. நான்கு மணிக்கு ஊற்றினாள். நாலரைக்கு அம்மா ரெபேக்காள் போன் செய்தாள்: "கால் கழுவுற ஆராதனைக்கு நேரமாச்சு, இன்னும் இரும்பக் கட்டிகினு அழுவுறியா?" கட்டையை டிராயரில் போட்டுவிட்டு ஓடினாள். மறுநாள் பெரிய வெள்ளி. அவர்கள் தெருவில் அன்று யாரும் இரும்பைத் தொடமாட்டார்கள். ஆணி அடிப்பதில்லை, அரிவாள்மணை எடுப்பதில்லை, காய் நறுக்குவதுகூடக் கிடையாது, கஞ்சியும் துவையலும்தான். பட்டறை வைத்திருப்பவளுக்கு மட்டும் தனிச் சட்டமா? சனிக்கிழமை காலையில் கதவைத் திறக்கும்போதே ஹரிசங்கர் வாசலில் நின்றான். "அளவு என்ன மேடம்?" என்று அவன் கேட்டபோது அவள் டிராயரைத் திறந்து, வியாழக்கிழமைக் கட்டை என்று தெரிந்தே அதை அளந்தாள். மறுபடி ஊற்றினால் அவன் இன்னும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். என்ன, ஒரு மயிரிழையில் ஆறில் ஒரு பங்கு வித்தியாசம் வரும். வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டாள். நேரத்தை மட்டும் எழுதக் கை வரவில்லை போலும்.

சின்ன ரீமரை எடுத்திருக்க வேண்டிய இடத்தில் பெரிய ரீமர் போயிருக்கிறது. தோட்டா நட்டநடுவில் உட்காராமல் அறையின் அடியில் படுத்துக்கொண்டு, எப்போதாவது ஒரு தடவை தலையைச் சாய்த்துப் புறப்பட்டிருக்கிறது.

அவள் தம்பி ஜோஷ்வா வெளியே போய்விட்டு வந்து, அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னாக்கா, பேயப் பாத்த மாதிரி கீற?" என்றான்.

அவள் கட்டையை அவனிடம் கொடுத்து, கார்டையும் கொடுத்தாள். அவனும் லேத்தில் நின்றவன். படித்துவிட்டு விசில் அடிக்கப் போனவன், அடிக்காமல் வாயை மூடிக்கொண்டான்.

"நீயா நெனச்சுக்காத. பதிமூணு மைக்ரான்ல அப்டிலாம் ஓடுமா? அந்த ஆளு கையே அப்டித்தானோ இன்னாவோ."

"கை இல்லாம சுட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்."

திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு குன்றுகளுக்கு நடுவில் துப்பாக்கிச் சுடும் கிளப்பின் ரேஞ்ச். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே துப்பாக்கியைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடி இல்லை, இப்போது வாங்கியிருந்தார்கள். புதன்கிழமை காலை, வேறு யாரும் இல்லாத நேரமாகக் கேட்டுக்கொண்டு, அதிதியையும் வரவழைக்காமல், ஜாய்ஸும் ஜோஷ்வாவும் போனார்கள். இப்போது மாட்டியிருந்த பேரலோடு ரைஃபிளைப் பிடியில் வைத்து இறுக்கினாள். தோளில்லை, கன்னமில்லை, மூச்சில்லை. ட்ரிக்கரை இழுக்க ஒரு கம்பி. சிமென்ட் மேடையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்த அந்த இரும்புக்கு மனசும் இல்லை, கையைப் பார் என்று சொல்ல அப்பாவும் இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்று. தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்த ஜோஷ்வா ஒவ்வொன்றுக்கும் "அதே ஓட்ட" என்றான். ஏழாவதற்கும் அதையே சொன்னான். எட்டாவதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னாடா?"

"ஒரு மணி," என்றான் மெதுவாக.

ஜாய்ஸ் கம்பியை விட்டாள். காற்றில்லை. குன்றின் மேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கூட அசையாமல் நின்றார். அவள் தொலைநோக்கியில் பார்த்தபோது அந்த ஓட்டை சரியாக அங்கேதான் இருந்தது, ஹரிசங்கர் கொண்டுவந்த பேப்பர்களில் இருந்த அதே இடத்தில், அதே தூரத்தில். படுத்துச் சுடும் பாயிலிருந்து யாரோ எழுந்து போய், அதில் இன்னும் சூடு ஆறாமல் இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. பக்கத்துப் பாயைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். பாய் காலியாகத்தான் இருந்தது.

மேலும் முப்பது சுட்டார்கள். மூன்று ஓடின. மூன்றும் ஒரு மணி.

திரும்பி வரும் வழியில் ஜோஷ்வா பைக்கை ஒரு டீக்கடையில் நிறுத்தினான். "நான் சொல்றதக் கேளுக்கா. புது பேரல்ல சின்ன ரீமர வுட்டு டைட்டாப் போட்டுக் குடு. அந்தப் பொண்ணு ஜெயிச்சிகினு போவட்டும். செத்தவரு செத்துட்டாரு. நீ போய் நாந்தான் தப்புப் பண்ணேன்னா, நாளைக்கு ஒருத்தன் நம்ம கதவத் தட்டமாட்டான். யாருக்கு இன்னா லாபம்?"

"அவரு கை நல்லாருந்துதுடா."

"டாக்டரே சொல்ட்டாரே. நீ வேற தனியா சொல்லணுமா?"

அவள் டீயைக் குடித்தாள். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதைவிட, கண்டுபிடிக்க அவள் விரும்பவில்லை என்பதே சரி. இரண்டு நாளில் புது பேரலில் சின்ன ரீமரால் சேம்பர் போட்டாள். வார்த்து, ஒரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்து, அளந்து, நேரத்தையும் எழுதினாள். 5.730. அதிதி வந்தபோது, "உங்க அண்ணாவோட முதல் பேரல் அளவேதான்," என்றாள். அது பொய்யில்லை. பேரலை மாட்டி ரைஃபிளைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். கழற்றிய பேரல், அவள் கெடுத்த பேரல், பட்டறையிலேயே அலமாரிக்குள் இருந்தது. "அப்புறமா வந்து எடுத்துக்கறேன்," என்று அதிதிதான் விட்டுப்போனாள்.

அந்த வாரம் முழுவதும் ஜாய்ஸ் அலமாரியைத் திறக்கவில்லை. திறக்காமலே அது அங்கே இருப்பது தெரிந்தது. மின்ரயில் போகும்போது பட்டறையில் எல்லாச் சாமானும் அதிரும். மற்றதெல்லாம் நின்றபின் அலமாரிக்குள் ஒன்று மட்டும் சற்று நேரம் கழித்து நிற்பதுபோல் இருக்கும். ஜோஷ்வாவிடம் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ போய்த் தூங்கு," என்றான்.

ட்ரயல்ஸுக்கு ஆறு நாள் இருக்கும்போது அதிதி மறுபடி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"பேரல் சரியில்லையா?" என்றாள் ஜாய்ஸ்.

"நூத்தியிருபது சுட்டேன். ஒண்ணுகூட ஓடல. கோச் என்னத் தூக்கிச் சுத்தாத கொறதான்." அவள் ரைஃபிள் பெட்டியை மேசைமேல் வைத்தாள். "நான் இங்க விட்டுட்டுப் போன பேரலையே திருப்பிப் போட்டுக் குடுங்கோ மேடம்."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஞாயித்துக்கிழம பேப்பரக் குடுத்தேன். அம்மா பொரட்டிப் பொரட்டிப் பாத்தா. 'வரலையா'ன்னா. செவ்வாக்கிழமயும் வரல. அதுலேருந்து சாப்டறதில்ல. படுத்துண்டிருக்கா. நேத்து என்னைக் கூப்ட்டு, 'நீ ஜெயிக்கணும்னு அவன வெளில அனுப்ச்சுட்டியா'ன்னு கேக்கறா." அதிதி கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்கத் தோன்றவில்லை. "எனக்கு ட்ரயல்ஸ் வேண்டாம். அடுத்த வருஷம் பாத்துக்கறேன். அவ சாப்ட்டா போறும்."

ஜோஷ்வா லேத்துக்குப் பின்னாலிருந்து அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று அர்த்தம்.

ஜாய்ஸ் டிராயரைத் திறந்து இரண்டு கட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்று இரண்டு வாரத்துக்கு முன் கம்பெனிப் பேரலில் வார்த்தது. மற்றது இரண்டு வருடத்துக்கு முன் வார்த்து, டிராயரின் மூலையில் கிடந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

"உக்காருங்க," என்றாள். "உங்க அண்ணன் கையில ஒண்ணும் இல்ல. தப்பு என்னுது."

சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பெரிய வியாழன், டிராயர், சனிக்கிழமை, வாசலில் நின்றவன், காலியாக விட்ட கட்டம், இரும்புப் பிடி, எட்டாவது தோட்டா. எதையும் விடவில்லை. 'உங்க கையப் பாருங்க' என்று தான் சொன்னதையும் சொன்னாள். கடைசியில் அதிதி பழைய கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்காகவா அவன் அடையாறு போனான்?"

ஜாய்ஸ் கார்டையும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எத்தன நாளா தெரியும் உங்களுக்கு?"

"பதிமூணு நாளா."

"அப்போ நான் வந்து கேக்காட்டா சொல்லியிருக்க மாட்டேள்."

"மாட்டேன்," என்றாள் ஜாய்ஸ்.

அதிதி எழுந்தாள். "நான் சொன்னா அம்மா நம்பமாட்டா. நான்தான் அவன விரட்டறேன்ம்பா. நீங்களே வந்து சொல்லுங்கோ. இன்னிக்கே."

மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் அவர்கள் வீடு. எதிர்வீட்டில் யாரோ கல் அறுக்கும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற ஸ்கூட்டர் மேலெல்லாம் வெள்ளைத் தூள். ஜோஷ்வா, "நான் இங்கயே கீறேன்," என்று பைக்கோடு நின்றுகொண்டான். அதிதியின் அப்பா ஸ்ரீனிவாசராகவன் கதவைத் திறந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுடைய பழைய போட்டி பனியனைப் போட்டிருந்தார். அதில் மாநிலத்தின் பெயர் பாதி உரிந்திருந்தது.

அவர் மனைவி பர்வதம், பெருமாள் அலமாரி இருந்த அறையில் பாயில் படுத்திருந்தாள். யாரோ வந்ததைப் பார்த்து எழுந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அலமாரியின் கீழ்த்தட்டில் டார்கெட் பேப்பர்கள் ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேலே இருந்ததில், ஒரு மணிப் பக்கத்து ஓட்டையைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

ஜாய்ஸ் தரையில் உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. எதிரில் இருப்பவளுக்கு ரீமரும் மைக்ரானும் தெரியாது. கடைசியில் அவள் பட்டறைப் பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, "தோட்டா உக்கார்ற அறைய நான் பெருசா வெட்டிட்டேம்மா. அது உள்ள ஆடுச்சு. அதான் பத்துக்கு ஒண்ணு வெலகிப் போச்சு. ஆளே இல்லாம இரும்புல கட்டி வெச்சு சுட்டோம். அப்பவும் அதே எடத்துலதான் போச்சு. அவரு ஒழுங்காத்தான் சுட்டாரு. ஒவ்வொண்ணும் ஒழுங்காத்தான் சுட்டாரு," என்றாள்.

எதிர்வீட்டு மெஷின் நின்றது. வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

"அவன் கை நன்னா இருந்துதா?" என்றாள் பர்வதம்.

"நல்லா இருந்துச்சும்மா."

"மனசு?"

"அதுவும்தாம்மா."

பர்வதம் கூடத்துப் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, இங்க வாங்கோ." அவர் வாசற்படியில் வந்து நின்றார். "இவ சொல்றதக் கேளுங்கோ. நீங்க அவன்கிட்ட என்ன சொன்னேள்? ஒனக்கு மனசுல தெம்பில்லடா, அதான் கை நடுங்கறதுன்னு சொன்னேளா இல்லையா? இங்க நின்னு கேளுங்கோ. ஏம்மா, இன்னொரு தரம் சொல்லு."

ஜாய்ஸ் மூன்றாம் தடவை சொன்னாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், "எவ்வளவு?" என்றார்.

"பதிமூணு மைக்ரான் சார்."

"ஒரு மில்லிமீட்டர்ல எழுபத்தேழுல ஒரு பங்கு," என்று கணக்குப் போட்டார். திரும்பிக் கூடத்துக்குப் போனவர், நாற்காலி பக்கத்தில் இருந்தும் உட்காராமல் நின்றார். அதிதி போய் அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள்.

பர்வதம் அலமாரியிலிருந்து பேப்பர்களை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எந்தப் பேப்பரையும் கசக்கவில்லை, கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் சீராகத் தட்டி அடுக்கி, ஒரு துண்டில் வைத்துக் கட்டி, ஜாய்ஸின் மடியில் வைத்தாள்.

"அந்தக் கொழா எங்க இருக்கு? ஆடித்துன்னியே, அது."

"எங்க பட்டறையிலதாம்மா இருக்கு."

"அங்கயே இருக்கட்டும். இதையும் எடுத்துண்டு போ." அவள் குரலில் கோபம் இருந்ததா என்று ஜாய்ஸுக்குப் பிற்பாடும் தெரியவில்லை. "நான் நெனச்சேன், எங்கள விட்டுப் போக மனசில்லாம வரான்னு. இப்போ தெரியறது. நீ வெட்டின அறைக்குள்ளன்னா இருந்திருக்கான்? இனிமே அவன் வந்தா ஒங்காத்துக்குத்தான் வருவான்."

"அம்மா!" என்றாள் அதிதி கூடத்திலிருந்து.

"நீ சும்மா இரு. உனக்கு என்னிக்கு ட்ரயல்ஸு? வெள்ளிக்கிழமையா? போய் சுடு. புதுசுலயே சுடு." பர்வதம் கையை ஊன்றி எழுந்தாள். ஐந்து நாளாகச் சாப்பிடாத உடம்பு ஒரு கணம் தள்ளாடியது. ஜாய்ஸ் பிடிக்கப் போனாள், அதற்குள் நின்றுவிட்டாள். "சாப்ட்டுட்டுப் போ," என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல ஜாய்ஸுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. இந்த வீட்டில் இன்று வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று தோன்றியது. சமையலறையை ஒட்டிய அறையில் பர்வதமே இலை போட்டாள். தட்டு அல்ல, இலை. அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று ஜாய்ஸ் யோசித்தாள். அதிதி காலையில் சமைத்து யாரும் தொடாமல் வைத்திருந்த சாதமும் மோர்க்குழம்பும் வாழைக்காய்க் கறியும். பர்வதம் தனக்கும் ஒரு தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அதிதி நிலைப்படியில் நின்று, அம்மாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவனுக்குப் பிடிச்ச கொழம்பு," என்றாள் பர்வதம். "ஆனா பூசணிக்கா போடப்படாது. போட்டா ஒவ்வொண்ணாப் பொறுக்கி ஓரமா வெச்சுடுவான். தெரிஞ்சுக்கோ."

"சரிம்மா."

"காரம் ஆகாது. ராத்திரி எல்லா லைட்டையும் அணைக்கப்படாது. ஒண்ணாவது எரியணும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், இருபத்தொம்பது வயசு வரைக்கும் மாறல. சத்தம் போட்டுப் பேசினா பதில் சொல்லமாட்டான். நீ மெதுவாத்தான் பேசற, பரவால்ல."

ஜாய்ஸ் சாதத்தைப் பிசைந்தாள். இது புத்தி தடுமாறியவள் பேச்சு இல்லை. கல்யாணமாகிப் போகும் பிள்ளையைப் பற்றிப் புது வீட்டாரிடம் ஒரு தாய் சொல்லி அனுப்புகிற குரல்; நிதானமாக, ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்ற கவலையோடு வந்தது. வெளியே ஜோஷ்வா யாரிடமோ போனில் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அது எங்கேயோ வேறு ஊரில் கேட்பதுபோல் இருந்தது.

"கோவம் வந்தா சாப்டாம படுத்துடுவான். ரெண்டாந்தரம் கூப்டணும். மொதத்தரம் கூப்ட்டா வரமாட்டான், ரெண்டாந்தரம் வந்துடுவான்." பர்வதம் இலையில் இன்னும் ஒரு கரண்டி சாதம் போட்டாள். "வெய்யில்ல அலைஞ்சுட்டு வந்தா ஒடனே ஒண்ணும் கேக்காத. செத்த நாழி உக்காரட்டும்."

ஜாய்ஸ் தலையாட்டினாள். பிறகு, தான் கேட்கப்போகிறோம் என்று தெரியாமலே கேட்டாள்:

"காபியா, டீயாம்மா?"

"காபி," என்றாள் பர்வதம். "சக்கரை கம்மியா."